கல்லைப் படித்தவர்களும் கடுகண்ணாவைச் சரிவும்

மலைப்பாதையில் செல்வோர் மலையின் அழகைக் கண்டு வியப்பதுண்டு. அம்மலை எதனால் ஆனது, எத்தனை காலமாக அங்கே நிற்கிறது, இனியும் நிற்குமா என்று கேட்போர் மிகச் சிலரே. கொழும்பு - கண்டி நெடுஞ்சாலையில் மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும் எவரும் ஒரு புறம் செங்குத்தான பாறைச் சுவரையும், மறுபுறம் பள்ளத்தாக்கையும் அதற்கப்பால் பெட்டி வடிவில் எழுந்து நிற்கும் பத்தலேகல மலையையும் பார்த்திருப்பர். அந்தப் பாறைச் சுவருக்கு உலகப் புவிச்சரிதவியல் நூல்களில் தனியானதொரு பெயர் உண்டு என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

2025 நவம்பர் 22ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் மலைச்சரிவிலிருந்து பெயர்ந்த மண்ணும் பாறையும் வீதியோரக் கடையின் மீது வீழ்ந்ததில் 6 பேர் உயிரிழந்தனர். ஒரு வாரம் கழியும் முன்னரே 'டித்வா' சூறாவளி நாட்டைத் தாக்கியது. 600இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அப்பேரனர்த்தத்தில் பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. அதன் பின்னரேனும் நாம் நமது காலடியிலுள்ள நிலத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டியவர்களாகிறோம். அச்சிந்தனைக்குத் துணையாக, இந்நாட்டுப் பாறைகளை முறைப்படி ஆராய்ந்த முன்னோடி ஒருவரை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

கலை விமர்சகராகவும் கீழைத்தேய மெய்யியலின் விளக்கவுரையாளராகவும் உலகம் போற்றும் குமாரசுவாமி, தம் வாழ்வைத் தொடங்கியது ஒரு புவிச்சரிதவியலாளராகவே என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அவர் கலையிடம் வந்து சேர்ந்த வழி கற்களின் ஊடாகவே அமைந்தது.

அவரது பணியைச் சரிவர விளங்கிக்கொள்ள, அவர் கற்ற துறை எங்ஙனம் தோன்றியது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். கற்களைக் குறித்த ஆராய்ச்சி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த முஸ்லிம் பேரறிஞர் அல்பிரூனி, இரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றித் தனி நூல் இயற்றியவர். அவற்றின் தன்னீர்ப்பை வியத்தகு நுட்பத்துடன் அளந்தவர். வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் நிரம்பியது என்று அவர் ஊகித்துக் கூறினார். ஆறு மலையை விட்டு விலகிச் செல்லச் செல்லக் கற்கள் சிறுத்து மணலாவதைக் கண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார். நிலத்தை ஒரு நூலாகப் படிக்கும் கண் அன்றே அவருக்கு வாய்த்திருந்தது.

எனினும், அக்கலையைப் பள்ளியில் பயிற்றுவிக்கும் ஒழுங்கான துறையாக வளர்த்ததில் ஜேர்மனியருக்குப் பெரும் பங்குண்டு. சக்சனி நாட்டின் பிரைபேர்க் நகரில் 1765இல் சுரங்கக் கல்விக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. 1749இல் பிறந்த ஆபிரகாம் கொட்லொப் வேர்னர் அங்கு கற்று, 1775 முதல் அங்கேயே ஆசிரியராக விளங்கினார். தலைமுறை தலைமுறையாக இரும்பாலைத் தொழிலில் ஈடுபட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். நிறம், மினுக்கம், கடினம், உடையும் பாங்கு ஆகிய புற அடையாளங்களைக் கொண்டே ஒரு கனியத்தை இனங்காணும் முறையை 1774இல் வெளிவந்த தமது நூலில் வகுத்துத் தந்தார். அவர் எழுதியவை சிலவே. ஆயினும் அவரது வகுப்பறையை நாடி ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். பிற்காலத்தில் தென் அமெரிக்காவை ஆராய்ந்து பெரும்புகழ் ஈட்டிய அலெக்சாண்டர் ஹம்போல்ட் அவர்களுள் ஒருவர்.

வேர்னரின் கோட்பாடுகள் யாவும் நிலைக்கவில்லை. உலகின் பாறைகள் அனைத்தும் ஆதிப் பெருங்கடலில் படிந்து உருவானவை என்று அவர் போதித்தார். எரிமலைப் பாறைகளை ஆராய்ந்த பின்வந்தோர், அவருடைய மாணவர்கள் சிலர் உட்பட, அக்கூற்றைக் கைவிட்டனர். கோட்பாடு வீழ்ந்தாலும், கல்லைக் கையிலெடுத்து உற்றுநோக்கிப் பதிவு செய்யும் அவரது பயிற்சி நிலைத்தது. நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்புண்டு. நாம் காரீயம் என்று அழைக்கும் கனியத்துக்கு, எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 'கிராபைட்' என்று 1789இல் பெயரிட்டவர் வேர்னரே. அக்காரீயம் பாறைப் பிளவுகளில் தூய நரம்புகளாகக் கிடைப்பதற்கு உலகப்புகழ் பெற்ற நாடு இலங்கை. கடுகண்ணாவை மலையடிவாரத்திலிருந்து தொடங்கும் கேகாலை மாவட்டத்தின் போகலைச் சுரங்கம் அதற்குச் சான்று.

இளைஞர் குமாரசுவாமி இலங்கை பற்றி எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையும் இக்காரீயத்தைப் பற்றியதே ஆகும். 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்த அவர், சட்டசபை உறுப்பினராக விளங்கிய சேர் முத்துக்குமாரசுவாமியின் ஒரே மைந்தர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் மைத்துனர் முறையினர். தாயார் எலிசபெத் ஆங்கிலேயப் பெண்மணி. 1879இல் தந்தையார் காலமானதால் இங்கிலாந்திலேயே தாயாரிடம் வளர்ந்தார். பள்ளி மாணவராக இருந்தபோதே, 1895இல், தமது பாடசாலைக்கு அருகிலிருந்த குன்றொன்றின் பாறைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1900இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதற்பிரிவில் சித்தியெய்தினார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. அடுத்து 1902இல் காலிப் பகுதிப் பாறைகளையும், இந்நாட்டின் பளிங்குச் சுண்ணக்கற்களையும் பற்றி எழுதினார்.

1903இல் இலங்கைக் கனிய அளவைப் பணி ஆரம்பிக்கப்பட்டபோது அதன் பணிப்பாளர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26 கூட நிரம்பியிருக்கவில்லை எனலாம். இன்றுள்ள புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. மலைநாட்டில் ஊர் ஊராகச் சென்று, ஓடைகளிலும் வயலோரங்களிலும் வெட்டப்பட்ட வீதியோரங்களிலும் வெளிப்பட்டு நின்ற பாறைகளை ஆராய்வதே அவரது அன்றாடப் பணியாயிற்று.

அப்பணியின் இரு பேறுகள் உலக அறிவியலில் நிலைத்த இடம் பெற்றன. கண்டிக்கு அருகே அம்பகோட்டைப் பகுதியிலுள்ள கங்கபிட்டிய என்னுமிடத்தில் கிடைத்த நீல நிறக் கனியம் ஒன்று, அதுவரை எங்குமே அறியப்படாதது எனக் கண்டறியப்பட்டது. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரயர் என்பவருடன் இணைந்து 1903இல் குமாரசுவாமி அதனை வெளியிட்டார். அதற்கு இடப்பட்ட பெயர் 'செரண்டிபைட்'. அரபு வணிகரும் பயணிகளும் இத்தீவைச் சுட்ட வழங்கிய 'செரந்தீப்' என்னும் பெயரையே அக்கல் தாங்கி நிற்கிறது. தமிழ் மரபில் வந்த ஒருவர், கண்டி மண்ணில் கிடைத்த கல்லொன்றை, முஸ்லிம்களின் நாவில் வழங்கிய பெயரால் உலகுக்கு அறிமுகஞ் செய்தார் என்பது நாம் பெருமையுடன் எண்ணிப் பார்க்கத்தக்கது. இன்றும் அது உலகின் அரிய இரத்தினக் கற்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மற்றையது தோரியனைற்று. சப்ரகமுவவின் ஆற்று மணலில் இரத்தினம் அரிப்போரிடம் கிடைத்த கரிய, பாரமிக்க, கனசதுர வடிவான இக்கனியத்தை 1904இல் குமாரசுவாமி கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதனை யுரேனியக் கனியம் ஒன்றாகவே அவர் முதலில் கருதினார். இலண்டனில் டன்ஸ்டன் நடாத்திய இரசாயனப் பகுப்பாய்வு, அது தோரியம் நிறைந்த புதியதொரு கனியம் எனக் காட்டிற்று. கதை அத்துடன் நிற்கவில்லை. இலங்கையிலிருந்து சென்ற தோரியனைற்றை இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஆராய்ந்த ஓர் இளம் ஜேர்மன் இரசாயனவியலாளர், 1905இல் அதிலிருந்து 'ரேடியோதோரியம்' என்னும் கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். அவர்தாம் பிற்காலத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ஓட்டோ ஹான். அவரது முதற் பெருங் கண்டுபிடிப்புக்கு மூலப்பொருள் நம் நாட்டு ஆற்று மணலில் கிடைத்ததாகும்.

குமாரசுவாமியின் கண் கற்களோடு நின்றுவிடவில்லை. கனியங்களைத் தேடிச் சென்ற கிராமங்களில், அவற்றைக் கையாண்டு வாழ்ந்த கம்மாளரையும் கற்றச்சரையும் மட்பாண்டஞ் செய்வோரையும் அவர் சந்தித்தார். பலாங்கொடைப் பகுதியில் பழைய முறையில் இரும்பு உருக்கியவர்களின் தொழிலைப் பதிவு செய்தார். அத்தொழில்கள் கண்ணெதிரே அழிந்து வருவதைக் கண்ட அவர், 1905இல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, முன்னோர் எழுப்பிய கட்டடங்களைப் பேணுமாறு வேண்டினார். 1906இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவரானார். அவ்வாண்டிலேயே இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியற் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அளவைப் பணியிலிருந்து விலகிய பின், 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது பெருநூல் வெளிவந்தது. அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் நெடுங்காலம் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி அவர் காலமானார்.

அந்நூலில் இடம்பெறும் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே ஆகிய கோயில்கள் மூன்றும் கடுகண்ணாவையிலிருந்து அதிக தொலைவில் இல்லை. இவற்றுள் கடலாதெனிய 1344இல் கருங்கற்பாறை ஒன்றின் மீது கல்லாலேயே எழுப்பப்பட்டது. அதன் தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. தென்னிந்தியச் சிற்ப மரபைச் சேர்ந்தவர். லங்காதிலகவில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. அதே 1344ஆம் ஆண்டிலேயே மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இத்தீவுக்கு வந்து பாவா ஆதம் மலையைத் தரிசித்தார். பல இனத்தாரின் காலடிகள் பட்ட மண் இது. கண்டி இராச்சியத்தில் 'மடிகே' எனப்பட்ட போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பொதிமாட்டுத் தவளங்களை நடாத்தி, உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றிச் சென்று பாக்கை இறக்கி வந்தனர். கோப்பித் தோட்டங்களையும் மலைநாட்டுப் பாதைகளையும் நாடித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வியர்வையும் இம்மலைகளில் கலந்துள்ளது.

கணவாயின் பாறையை வெட்டி வீதி அமைக்கும் வேலை, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் 1820இல் ஆரம்பமாயிற்று. அதற்குத் தலைமை தாங்கிய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் மரணமடைந்தார். 1832இல் எழுப்பப்பட்ட அவரது ஞாபகார்த்தக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1867இல் இருப்புப்பாதையும் இம்மலைச்சுவரின் விளிம்பில் ஏறிக் கண்டியை அடைந்தது. இவ்விரு பாதைகளுக்காகவும் மலையின் அடி வெட்டப்பட்டது என்பதை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

குமாரசுவாமி தொடக்கி வைத்த ஆராய்ச்சியை அவருக்குப் பின் வந்தோர் தொடர்ந்தனர். பி. ஜி. குரே 1967இல் வெளியிட்ட இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூல் பல தலைமுறை மாணவர்க்கு வழிகாட்டியாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. டபிள்யூ. விதானகே மலைநாட்டின் பாறை மடிப்புகளை ஆராய்ந்தார். 1980களில் ஜேர்மன் - இலங்கை ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று உருவாகி, மைன்ஸ் நகரைச் சேர்ந்த பேராசிரியர் அல்பிரட் குரோனரும் அவர்தம் குழுவினரும் நம் நாட்டு அறிஞர்களோடு இணைந்து பாறைகளின் வயதைக் கதிரியக்க முறையால் கணித்தனர். அதன் பயனாக 1991இல் குரோனர், குரே, விதானகே ஆகிய மூவரும் இலங்கையின் பழம்பாறைகளை நான்கு பெரும் தொகுதிகளாக வகுத்தனர். உயர்நிலத் தொகுதி, வன்னித் தொகுதி, விஜயன் தொகுதி என்பவற்றோடு நான்காவதாக அமைந்ததே 'கடுகண்ணாவைத் தொகுதி'. வேர்னரின் நாட்டிலிருந்து வந்தோரும் குமாரசுவாமியின் நாட்டினரும் கூடிச் செய்த ஆராய்ச்சியில் நமது சிறிய மலைநகரின் பெயர் உலக வரைபடங்களில் ஏறியது.

கண்டியைச் சூழ நீண்ட படகுகள் போன்ற பள்ள மடிப்புகளில் இத்தொகுதிப் பாறைகள் காணப்படுகின்றன. கரிய கோண்பிளெண்டும் கருமைக்காவும் செறிந்த வரிவரியான நைசுப் பாறைகளே இவற்றுள் முதன்மையானவை. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் குழம்பாகத் தோன்றி இறுகிய இவை, 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறின. இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா முதலியன ஒன்றாக இணைந்து கொண்டுவானாப் பெருங்கண்டம் உருவான காலம் அது. இத்தொகுதியைத் தனியாகக் கொள்வதா, வன்னித் தொகுதியின் பகுதியாகக் கொள்வதா என்னும் விவாதம் அறிஞரிடையே உண்டு.

இத்துணைப் பழமையான பாறை ஏன் சரிகிறது என்னும் வினா எழுவது இயல்பே. நைசுப் பாறை வரிவரியாகப் படலங்கள் கொண்டது. அதனூடே பிளவுகளும் உண்டு. படலங்கள் மலைச்சரிவின் திசையிலேயே சாய்ந்திருக்குமிடத்து, ஒன்றின் மீது மற்றொன்று வழுக்க வழி பிறக்கிறது. வெப்ப மண்டலத்தின் மழையும் வெயிலும் பாறையின் மேற்பகுதியைப் பல மீற்றர் ஆழத்துக்கு மண்ணாக உக்கச் செய்கின்றன. உக்காது எஞ்சிய உருண்டைப் பாறைகள் அம்மண்ணில் புதைந்து நிற்கின்றன. பெருமழை பெய்யுங்கால் நீர் பிளவுகளில் நிறைந்து, உள்ளிருந்து அழுத்தி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. வீதிக்காகவோ வீட்டுக்காகவோ சரிவின் அடி வெட்டப்பட்டிருந்தால் மேலுள்ள பாரத்தைத் தாங்க எதுவுமில்லை. அப்போது மண் இறங்குகிறது. அதில் புதைந்திருந்த பாறை உருள்கிறது. இயற்கை கோடி ஆண்டுகளாகச் செய்வதோடு மனிதர் சில நாட்களில் வெட்டியதும் சேரும்போதே விபத்து நேர்கிறது.

இவ்வறிவு நம் நாட்டில் இல்லாமலில்லை. 1984இல் அமைக்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கி வருகிறது. மழை அளவை அடிப்படையாகக் கொண்டு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டின் விழிப்பாயிருத்தல், 100ஐத் தாண்டின் வெளியேற ஆயத்தமாதல், 150ஐத் தாண்டின் உடன் வெளியேறுதல் என்பன அதன் படிநிலைகள். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனத் தோன்றும் அல்லது கலங்கிப் பாயும் ஊற்றுகள், வழமையாகப் பாய்ந்த ஊற்று தடைப்படல் ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைப் பள்ளிச் சிறுவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

எனினும், அறிவு இருப்பது வேறு. அது மலைச்சரிவில் வாழ்பவரைச் சென்றடைவது வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்களை மண் மூடியது. அவ்விடம் அபாயமானது என முன்னரே கூறப்பட்டிருந்தும், செல்வதற்கு வேறு நிலமின்றி மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2016 மே 17ஆம் திகதி கடுகண்ணாவைக்கு அண்மையிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தும் காணாமலும் போயினர். அரநாயக்கவுக்குப் பின்னரும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை என்பதையே 2025 நவம்பர் நமக்கு உணர்த்திற்று.

ஆகவே, நாம் வலியுறுத்துவது இதுவே. எச்சரிக்கைகள் சிங்களத்தில் வெளியாகும் அதே வேளையில், அதே தெளிவுடன் தமிழிலும் வெளியாதல் வேண்டும். மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் ஒரு மணித்தியாலம் ஒரு குடும்பத்தின் உயிராகலாம். பள்ளிவாசல்களினதும் கோயில்களினதும் ஒலிபெருக்கிகள் இதற்குத் துணையாகலாம். அபாய வலய வரைபடங்கள் அலுவலகச் சுவரோடு நில்லாது கிராமசேவகர், தோட்ட நிர்வாகம், பாடசாலை ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவோர், உரிய அனுமதியைத் தொல்லையாகக் கருதாது காப்பாகக் கொள்ளல் வேண்டும். வெளியேறுமாறு கூறப்படுவோருக்குச் சென்று குடியேற நிலம் வழங்கப்படல் வேண்டும். நிலமின்றி விடுக்கப்படும் எச்சரிக்கை, ஏழைக்கு அச்சத்தை மட்டுமே தரும்.

நமது மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே கல்வியெனக் கருதும் நம் சமூகங்களில், புவிச்சரிதவியலை விரும்பிக் கற்போர் குறைவு. பேராதனையில் அத்துறை உண்டு. ஆராய வேண்டிய மலைகள் வாசலிலேயே உள்ளன. ஆனந்த குமாரசுவாமி தமது இளமையில் சுத்தியலும் உருப்பெருக்கியும் ஏந்தி இம்மலைகளில் நடந்தார். அவர் அன்று தேடியவை கனியங்கள். இன்று அதே பாறைகளை, அவற்றின் அடியில் உறங்கும் மக்களுக்காகப் படிக்க வேண்டியுள்ளது. அப்பணிக்குத் தமிழ், முஸ்லிம் இளைஞரும் யுவதியரும் முன்வருவார்களாயின், மலையகத்தின் அடுத்த மழைக்காலத்தை நாம் இன்றிலும் குறைந்த அச்சத்துடன் எதிர்கொள்ள இயலும்.